மன்னித்த பிறகு

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அவளை வீட்டுக்காரன் ‘குட்டை’ என்றுதான் கூப்பிடுவான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். அதனால் அவன் அவளுக்கு ‘நெட்டை’. காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பெண்.

லிஃப்ட் பார்க்கப் போன ஓர் அலுவலகத்தில், அங்கே வேலை செய்த ஒருத்தியோடு அவனுக்குத் தொடர்பு உண்டானது. யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்திவிட்டு அவனே சொன்னான். முடிந்துபோயிற்று என்றும் சொன்னான். அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அழுதாள், வாய்க்கு வந்தபடி திட்டினாள். கடைசியில், அவன் இல்லாத இடம் வீடாகவே படவில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

மன்னித்தது பொய்யில்லை. பேச்சு திரும்பியது, கேலி திரும்பியது. படுக்கைதான் திரும்பவில்லை. அவன் வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருக்கும். அவன் கை இடுப்பில் பட்டதும் உடம்பு கட்டையாகிவிடும். ஈரம் வற்றிப்போகும். எங்கோ மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பவள் போல ஆகிவிடுவாள். சேர்ந்தால் வலித்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, முன்பு எப்படி முனகுவாளோ அப்படியே முனகி வைத்தாள்.

பெண் டாக்டர் ஒருவரிடம் போனாள். அவர் பரிசோதித்துவிட்டு, “உடம்புல கோளாறு எதுவும் இல்லம்மா. வீட்ல ஏதாவது நடந்துச்சா?” என்று கேட்டார்.

அவள் குனிந்த தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னாள். “மனசு சமாதானமாயிடுச்சு டாக்டர். இந்த உடம்பு மட்டும் ஏன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது?”

“அடி ரெண்டுக்கும்தானே பட்டுச்சு. வலியோட கட்டாயப்படுத்தினா இன்னும் மிரளும். அவர்கிட்ட சொல்லுங்க.”

எப்படிச் சொல்வது என்று தெரியாமலே நாள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் தன் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் அவள் காதுக்குப் பின்னால் முத்தமிட்டான். கல்யாணமான புதிதிலிருந்தே அவளைக் கிறங்கடித்த இடம் அது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். அவன் விலகி உட்கார்ந்தான்.

“நடிக்காத குட்டை.”

அவள் கண்ணைத் திறந்தாள். கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“அவளையும் இங்கதான் கொஞ்சினியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள்.

“ஆமா,” என்றான்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். அவன் பின்னாலேயே வரவில்லை. திரும்பி வந்தபோது தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அந்த இடம் வேண்டாம். இப்போதைக்கு,” என்றாள்.

“சரி.”

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். வலித்ததை, நடித்ததை, டாக்டரிடம் போனதை. அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மறுபடியும் அங்க போயிடுவியோன்னு பயந்தேன்.”

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை மட்டும் தயங்கவே இல்லை.

“நீ கடைசி வரைக்கும் இப்படியே இருந்தாலும் நான் இங்கதான் இருப்பேன்.”

“வசனம் பேசாத. எங்க கிளினிக்ல, நாற்காலில உக்காந்ததும் ஒண்ணு சொல்வோம். வலிச்சா கையைத் தூக்குங்க, டாக்டர் உடனே நிறுத்திடுவார்னு.”

“அப்ப நீயும் தூக்கு.”

“நிறைய தடவை தூக்குவேன்.”

“கை ஓஞ்சு போனா சொல்லு, நான் தாங்கிப் பிடிச்சுக்கிறேன்.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சொன்னபடியே தூக்கினாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நிறுத்தினான். பல மத்தியானங்கள் சும்மா படுத்து, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைப் பேசியே கழிந்தன. பிறகு ஒரு மழை நாளில் அவளே அவன் உள்ளங்கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். அவன் அசையவில்லை. அவள்தான் அந்தக் கையை நகர்த்தினாள், நேரம் எடுத்துக்கொண்டு. முழங்கை மடிப்பில் அவன் உதடு பட்டபோது உள்ளே எதுவோ இளகியது. முனகல் எதுவும் வரவில்லை, மூச்சுதான் வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவன் பதறிக் கையை எடுத்தான்.

“வலிக்குதா?”

“இல்ல. எடுக்காத.”

அடுத்த வாரமே உடம்பு மறுபடியும் கட்டையாகிப் போன நாள் ஒன்று வந்தது. அன்று அவள் நடிக்கவில்லை. “இன்னிக்கு முடியாது போல. எழுந்து வா, டீ போடறேன்,” என்றாள். அவன் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனான்.