நன்மை வாங்காதவள்

இன்னாசியம்மாள் செத்த பிறகும் வாயைப் பொத்திக்கொண்டுதான் வந்தாள். பட்டப்பகலில், மகள் சில்வியா சோறு வடிக்கும்போது பின்னால் வந்து நிற்பாள். முந்தானை மூக்குவரை ஏறியிருக்கும். சில்வியா திரும்பினால் இருக்கமாட்டாள். உயிரோடு இருந்த கடைசி நாட்களிலும் அவள் அப்படித்தான் நின்றாள். அதனால் சில்வியாவுக்குப் பயம் வரவில்லை; நெஞ்சு மட்டும் கனத்துப்போகும்.

ஈறில் சீழ் வைத்து, வாயெல்லாம் புண்ணாகி, பக்கத்தில் வந்தால் நாறுமே என்று கூசிப்போய் அவள் கோயிலில் நன்மை வாங்குவதை, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை வாங்குவதை, நிறுத்தியிருந்தாள். சாமியார் முன்னால் நாக்கை நீட்டவேண்டுமே! காரணத்தை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊர் சும்மா இருக்குமா? பூசைக்கு வருகிறாள், நன்மை மட்டும் வாங்கமாட்டாள், அப்படியென்றால் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாத பாவம் ஏதோ இருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டியது. அந்த நேரம் பார்த்து லேப் வைத்திருந்த ஒருவன் அவள் புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பூச்சி சுருள் சுருளாக நெளிகிறது, இது தகாத உறவில் ஒட்டும் மேகநோய் என்று சொல்லிவிட்டான். மெல்லுகிற வாய்களுக்கு அவல் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நல்லவிதமாகத்தான் சொன்னாள்: ரத்தம் எடுத்துப் பார்க்கணும், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, இருந்தால் இரண்டு பேருக்கும் பென்சிலின் ஊசி போட்டுத் தீர்த்துவிடலாம் என்று. பெங்களூருக்கு மாங்காய் லோடு ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் அல்போன்ஸ் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"அவ கெட்டுப்போனதுக்கு நான் எதுக்கு ரத்தம் குடுக்கணும்?"

அந்த வாரமே அவளை ஏரியூருக்கு, அவள் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். அங்கே தனித் தட்டு, தனிப் பாய். அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சில்வியா அம்மாவுக்காக அழுததைவிட அம்மாவை நினைத்துக் கூசியதே அதிகம். அதுதான் இன்றைக்கும் அவளை அரிக்கிறது.

நவம்பர் மாதம் கோயிலில் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். வீட்டுப் பெரியவர் வந்து சொன்னால்தான் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். அல்போன்ஸ் தன் அப்பன், பாட்டன், செத்துப்போன ஒன்றுவிட்ட மச்சான் பெயரைக்கூடக் கொடுப்பார். பெண்டாட்டி பெயரைக் கொடுத்ததில்லை. சில்வியா வருஷா வருஷம் கேட்பாள். "கோயில்ல அவ பேரா?" என்று எழுந்து போய்விடுவார்.

இந்த வருஷம் சில்வியாவுக்கு ஈறு நோய் ஆராய்ச்சி ஒன்றில் லேப் டெக்னீசியன் வேலை கிடைத்தது. காரிமங்கலம் சந்தையன்று முகாம் போட்டு, வந்தவர்களின் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி எடுத்தார்கள். ஈறில் ரத்தம் கசிகிறதே என்று அப்பாவையும் வரச்சொல்லியிருந்தாள். அவர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். கறுப்பில் வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள், சுழன்று சுழன்று நெளிந்தன. இதைப் பற்றிப் படிப்பில் நாலு வரி இருந்திருக்கும். பயந்த மனசுக்குப் படித்தது எங்கே ஞாபகம் வரும்? டாக்டரைக் கூப்பிட்டாள்.

"சார்... எங்கப்பாவுக்கு மேகநோவுங்களா?"

ஆராய்ச்சியை நடத்தும் பல் டாக்டர் நிசார் அகமது எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படிப் பார்த்தா சந்தைக்கு வந்த பாதிப் பேருக்கு ஊசி போடணும்மா. இது ஈறு கெட்டா வர்ற பூச்சி. மேகநோய்ப் பூச்சிக்குப் பங்காளி. பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். வாயில சுரண்டினதை வெச்சு அந்த நோய்னு எவனும் சொல்லக் கூடாது. ரத்தம் பார்க்கணும்."

பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. சில்வியா திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளே.

சாயங்காலம் அல்போன்ஸ் வாசலில் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, அன்னைக்கு அந்த லேப்காரன் சொன்னது தப்புப்பா. உன் ஈறுல இருக்கிற அதே பூச்சிதான் அம்மா வாயிலயும் இருந்திருக்கும். ரத்தமே பார்க்காம அவளுக்கு அந்த நோவுன்னு சொல்லிட்டாங்க. அம்மா ஒரு தப்பும் பண்ணலைப்பா."

அழுவார் என்று நினைத்தாள். தலையில் அடித்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று கிட்டே போனாள். அல்போன்ஸ் தண்ணீரைத் துப்பினார். அவர் முகம் மெல்ல இளகியது.

"அப்ப... அவளுக்கு என்கிட்ட இருந்து ஒட்டலியா?"

சில்வியாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"பெங்களூர்ல எனக்கு வந்துச்சு தாயி. அங்கயே யாருக்கும் தெரியாம ஊசி போட்டுக்கிட்டேன். நான்தான் அவளுக்குக் குடுத்துட்டேன்னு இத்தனை வருசமா நெஞ்சுல கெடந்துச்சு. கோயில்ல அவ பேரை எந்த மூஞ்சியோட சொல்லச் சொல்ற?"

ரத்தம் கொடுத்தால் தன் குட்டு வெளியே வந்துவிடும் என்றுதான் அவர் அன்றைக்குக் குதித்திருக்கிறார். அவள் கெட்டவள் இல்லை என்று இந்த உலகத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அறிந்தேதான் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

அல்போன்ஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தார்.

"நல்ல சேதி சொன்ன. இந்த வருசம் அவ பேரைக் குடுத்துடலாம். உபதேசியார்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

வருஷக்கணக்காக அவள் கேட்டது இதைத்தான். இப்போது அவளுக்கு அப்பாவை ஓங்கி அறையவேண்டும்போல் இருந்தது.

"வேண்டாம்" என்றாள் சில்வியா. "நீ போய் எங்கம்மா பேரைச் சொல்ல வேண்டாம்."