ஒரு மணி பிந்திய தூதர்

இக்கதையின் ஒவ்வொரு சொல்லும் உண்மையென்று, நான் உண்ணும் சோற்றின்மீது ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

ஆடித் திங்களின் இளங்காலையில், சோளகக் காற்றுச் சீவிவிட்ட பசுங்கூந்தலென நெற்பயிர் ஒருபுறம் சாய்ந்திருக்க, குளத்து நீரைச் சுமந்த வாய்க்கால் வெள்ளி அரைஞாண்போல் வளைந்தோட, கொக்குகள் வேலை கேட்டு வந்தவரைப்போல் வரப்புதோறும் ஒற்றைக்காலில் காத்து நிற்க, உருத்திரபுரம் தன் அழகில் தானே மயங்கிக் கிடந்தது. அவ்வழகு வாய்க்காலின் தலைப்பக்கத்தோடு முடிந்துவிடும். கடைப்பக்கத்தில் சிவலட்சுமியின் இரண்டு ஏக்கர் வயல், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் வெடித்துக் கிடந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் நீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். தலைப்பக்கத்தாரோ, இருக்கிற நீர் தமக்கே போதாதென்று, பத்து மணிக்குக் கூடிக் கடைப்பக்கத்து மதகுக் கதவை இறக்கி நீரை அடைப்பதாக இருந்தனர். ஆகவே அவள், அவ்வூரில் ஓய்வுற்று வாழ்ந்த தூதர் மயில்வாகனனாரிடம் ஓடினாள்.

மயில்வாகனனார் பழமை காக்கும் கட்சியின் தூண். நாற்பதாண்டு அரசியலில் அவர் கை உயர்ந்தது மறுப்பதற்கு மட்டுமே. ஊரவையில் தெருவிளக்கை மறுத்தார். இருட்டு அதனினும் பழையது என்றார். நாடாளுமன்றத்தில் தம்மைப் பாராட்ட வந்த தீர்மானத்தை, முன்பு அப்படியொரு வழக்கமில்லையென்று தாமே எழுந்து தோற்கடித்தார். இத்தகையவர் தொலைவில் இருப்பதே நாட்டுக்கு நலமென்று கண்ட அரசு, பனி கொட்டும் நாடொன்றுக்கு அவரைத் தூதராக்கியது.

அந்நாட்டார் வேனில் பிறந்ததும் மணிக்கூட்டை ஒரு மணி முன்தள்ளி வைப்பர். இவர் இசையவில்லை. எனவே வேனில் முழுதும் எவ்விடத்துக்கும் ஒரு மணி பிந்தியே போனார். ஓர் ஆற்றுக்காகப் படை திரட்டிய இரு நாட்டமைச்சர்கள் இவரை நடுவராக அழைத்துவிட்டு, வரக் காணாமல் முதலில் ஒருவரையொருவர் வைது, பின் சொல் தீர்ந்து ஓய்ந்து, பின் பசித்து ஒரே தட்டில் உண்டு, ஈற்றில் இருவருமாகச் சேர்ந்து இவரை வைதனர். இவர் உள்ளே நுழைந்தபோது உடன்படிக்கையின் மை காய்ந்திருந்தது. இவ்வண்ணம் ஏழு போர்களைத் தடுத்தார். ஊர் மீண்டபின், பிந்துவதே தமக்குப் பழைய வழக்கமாகிவிட்டமையால், அதையும் அவர் மாற்றவில்லை.

"பதறாதை பிள்ளை. பதினொண்டுக்கு வாறன். அதுக்குள்ள அவங்கள் ஆறிடுவாங்கள்," என்றார்.

"அமைச்சர்மார் ஆறுவினம் ஐயா. பயிர் காயும். கதவை இறக்கினா எட்டு நாளைக்குத் திறவாங்கள். உந்த மணிக்கூட்டை ஒருக்காத் தள்ளி வையுங்கோ."

"நாப்பது வருசத்தில ஒருதரும் என்னை இப்பிடிக் கேக்கேல்லை."

"கேட்டிருந்தாத் தள்ளியிருப்பியளோ?"

"இல்லை."

ஆயினும் அவர் மணிக்கூட்டைக் கையிலிருந்து கழற்றி, முள்ளைத் தொடாமலே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நடந்தார்.

மதகடியில் ஒன்பதரைக்கே வந்து நின்ற அவரைக் கண்டு, தலைப்பக்கத்தாரின் தலைவன் ஜெயந்தன் திகைத்துப்போனான்.

"ஐயா, இப்ப வந்தா எப்பிடி? நாங்கள் இன்னும் சண்டையே துவங்கேல்லை."

"சண்டை வேண்டாம். கதவை இறக்கோணும் எண்டவை கையைத் தூக்குங்கோ. எண்ணி முடியுமட்டும் இறக்கப்படாது. அதுதான் பழைய வழக்கம்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆகவே கதவைத் தொட ஒரு கையும் மிஞ்சவில்லை. மயில்வாகனனார் எண்ணினார். ஒருவர் தும்மினால் முதலிலிருந்து எண்ணினார். கொக்குப் பறந்தால் முதலிலிருந்து எண்ணினார். நண்பகலில் இடக்கை உயர்த்தியவர்களைத் தனியே நிறுத்தி எண்ணினார். நீரோ, எவர் வாக்கையும் கேளாமல், வரப்பை நனைத்து, வெடிப்பை மூடி, பள்ளம் நோக்கி ஓடிக்கொண்டேயிருந்தது. ஞாயிறு மேற்கே சாய்ந்தபோது கடைப்பக்கத்திலிருந்து சிவலட்சுமியின் குரல் கேட்டது:

"நிறைஞ்சிட்டுது ஐயா."

"நாப்பத்திரண்டு பேர் ஆதரவு. நான் ஒருவன் எதிர்ப்பு," என்றார் தூதர். "இனிக் கதவை இறக்கலாம்."

மாற மறுத்தே வாழ்ந்தவர், ஓர் ஏழையின் வயலுக்காக ஒரேயொரு நாள் நேரத்தோடு வந்தார். அந்த ஒரு நாளே அவருடைய நாற்பதாண்டுக்கும் பொருளாயிற்று. பெரியோர் வாழ்வு இவ்வாறே நிறைவுறும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த மதகுக்குக் கட்டிய நாள் முதல் இன்றுவரை கதவே பொருத்தப்படவில்லை.