மாறிலியா, மாறியா

வலப்பக்க உதடு மட்டும் கணினித் திரையில் மிதந்துகொண்டிருக்கிறது, பாதிப் பரவளையம், அதன் கீழே தாடைக்கு ஒரு வட்டத்தின் துண்டு, மேலே புருவத்துக்கு ஒரு சைன் அலையின் முதுகு, மீதிப் பாதியை ஜெசிந்தா வரையவே வேண்டியதில்லை, x-க்கு இருபுறமும் நிமிர்ந்த கோடு ஒவ்வொன்று போட்டு |x| என்றாக்கினால் வலது அப்படியே இடதாகிவிடும், இரட்டைப்படைச் சார்பு என்று எத்தனை வருடமாகப் பதினொன்றாம் வகுப்பில் கத்தியிருக்கிறாள், வரப்போகும் விடுமுறைக்கு என்று முன்கூட்டியே அதைத்தானே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள், உங்கள் முகத்தைச் சார்புகளால் வரைந்து வாருங்கள், நானும் வரைகிறேன் என்று, அப்போது அவள் முகம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது. அடுத்த வாரமே ஒரு காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகுகிறது, இடது கண் மூடவில்லை, முகவாதம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர், கணக்கு டீச்சரிடம் போய் பெரும்பாலும் என்று சொல்லலாமா, ஆனாலும் அதை நம்பி வகுப்புக்குப் போனாள், கரும்பலகையில் சமன்பாட்டை எழுதி, இதில் a ஒரு மாறிலி, மாறவே மாறாது என்றாள், உதடு கூடாமல் சொல் குழறியது, கடைசி பெஞ்சிலிருந்து ஷைனி எழுந்து, டீச்சர், மாறிலியா மாறியா, சரியா கேக்கல, பாவம், உண்மையாகத்தான் கேட்டாள், யாரோ சிரித்துவிட்டார்கள், சாக்பீஸை வைத்துவிட்டு வந்தவள்தான், விடுமுறையும் தொடங்கிவிட்டது, பால்காரருக்குக்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் கதவு திறக்கிறாள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, போவதா, வேலையையே விட்டுவிடுவதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

கோடுகளைப் போடுகிறாள், இடது பாதி வந்து ஒட்டிக்கொள்கிறது, குறையில்லாத முகம், பழைய ஜெசிந்தா, காப்பியோடு வந்த கணவன் சவரிராயன் குனிந்து பார்க்கிறான், இது யாருட்டி, ஒங்க அக்காவா, நான்தாங்க, நல்லா இருந்தப்ப என்கிறாள், அட போட்டீ, நீ எப்ப இப்பிடி இருந்த, ஒனக்கு எடது பக்கம் கொஞ்சம் எறங்கித்தான சிரிப்பு வரும், பொண்ணு பாக்க வந்தன்னைக்கே பாத்துட்டேன், அதுலதான விழுந்தேன், அவள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறாள், ஆமாம், எல்லாப் படத்திலும் இடது ஓரம் இறங்கித்தான் இருக்கிறது, எந்த முகத்துக்காக இத்தனை நாள் அழுதோம் என்று சிரிப்பு வருகிறது, மூட முடியாத இடது கண் எப்போதும் ஒழுகுகிறது, இப்போது வலதும்.

கோடுகளை அழிக்கிறாள், மறுபடியும் வலப்பக்க உதடு மட்டும் மிதக்கிறது, கண்ணாடியைப் பக்கத்தில் வைத்து இடதுக்குத் தனிச் சமன்பாடு எழுதுகிறாள், உதட்டோரத்தின் உயரம் a, எண்ணைக் கொடு, இல்லையென்றால் இழுத்து ஏற்றவும் இறக்கவும் ஒரு பட்டை தருகிறேன் என்கிறது கணினி, எண்ணைத் தட்டினால் a மாறிலியாகிவிடும், தட்டப்போன விரல் நிற்கிறது, பட்டையைத் தொடுகிறாள், இடது உதடு இன்றைய இடத்தில் வந்து வலதோடு சேர்கிறது, ஒரு துளி மேலே இழுத்தால் மேலே போகிறது, கண்ணாடியில் இன்னும் போகவில்லை, போகட்டும், திங்கட்கிழமை இந்த முகத்தைத்தான் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறாள், முந்தானையை விட்டுவிட்டு, உதட்டைக் கஷ்டப்பட்டுக் கூட்டி, சொல்லிப் பார்க்கிறாள், மாறிதாம்மா ஷைனி.