ஓம் என்றால் ஆம்

செலீன் மன்னாரில் பிறந்த வேதக்காரி, கத்தோலிக்கப் பெண். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஞாயிறும் பூசை தவறியதில்லை. கோவிலில் செபமாலை சொல்லத் தொடங்குவதே அவள்தான். அப்படிப்பட்டவள் கிளினிக்கில் உட்கார்ந்து ஓங்காரம் ஓதினாள் என்ற கதை ஒரே மாதத்தில் மொன்றியல் முழுக்கப் பரவிவிட்டது.

நடந்தது இதுதான். குளிர் தொடங்கிய வாரம் அவளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தன. மகள் லக்சனா வேலைக்குப் போய்விட்டாள். பிரெஞ்சு பேசத் துணைக்கு ஆளில்லை என்று இப்போதெல்லாம் யாரும் கலங்குவதில்லை. கையில் போன் இருக்கிறது. தாதி பிரெஞ்சில் கேட்பதை அது தமிழில் சொல்லும், நாம் தமிழில் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்லும். செலீனும் போனை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டா?" என்று செய்தி வாசிப்பவர் குரலில் போன் கேட்டது.

உண்டாவது! முன்பு ஒரு தடவை அந்த ஊசி போட்டு, முகம் பலாப்பழமாய் வீங்கி, மூன்று நாள் கண் திறக்க முடியவில்லை. "ஓம்" என்றாள் செலீன்.

போன் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. தாதி உடனே கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டு மரியாதையாகக் காத்திருந்தாள். ஆமாம் என்பதை எங்கள் ஆட்கள் ஓம் என்பார்கள் என்று அந்தப் போனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குத் தெரிந்த ஓம் மந்திரம் மட்டும்தான். தாதிக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்த செலீன், "ஓம், ஓம், ஓம்!" என்று அழுத்திச் சொன்னாள். தாதி நெகிழ்ந்தே போனாள். பதில் வராத கேள்விக்கு 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை மாத்திரைப் போத்தலை வாசித்த லக்சனா வீடே அதிரக் கத்தினாள்.

"அம்மா, இது பென்சிலின்! போட்டிட்டீங்களோ?"

"இல்லையடி. சாப்பிட்டிட்டுப் போடுவம் எண்டு வச்சிருக்கிறன்."

போனில் பதிவாகியிருந்ததை லக்சனா பார்த்தாள். முதலில் அந்தப் போத்தலை எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு சிரிப்பு வந்தது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். செலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இது வேறு யாருக்காவது நடந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் வந்தது.

அதனால் ஒரு துண்டுக் காகிதத்தில், 'போன் மூலம் மருத்துவரோடு பேசுவோர் ஓம் என்று சொல்லாமல் ஆம் என்று சொல்லவும்' என எழுதி, தன் பெயரைப் போடாமல், பூசை முடிவில் வாசிக்கக் கொடுத்தாள். யாரோ தவறவிட்ட குடைக்கும் நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடலுக்கும் நடுவே அதை வாசித்தார்கள். வெளியே வந்து நான்கு பேரிடம் கேட்டுப் பார்த்தாள். குடை எல்லோருக்கும் நினைவிருந்தது.

மனம் ஆறாமல், நடந்த முழுக் கதையையும் ஜெனாட்டிடம் சொன்னாள். ஜெனாட் அவளோடு ஒரே சமையலறையில் வேலை செய்கிறவள், ஒரே கோவில் பங்குக்காரி. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று மாதாவின் பெயரால் சத்தியம் பண்ணினாள். சத்தியம் செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது. அதற்குள் நகரின் இன்னொரு பகுதியான லாசாலில் இருக்கும் அவளுடைய தங்கைக்குத் தெரிந்துவிட்டது, தங்கை வேலை செய்யும் இடத்துக்கும் தெரிந்துவிட்டது.

"உன்னட்டச் சொன்னதுக்கு அந்தக் குளிசையையே நான் விழுங்கியிருக்கலாம்," என்றாள் செலீன்.

"கோவியாதை அக்கா. சிரிப்பை அடக்கேலாமப் போச்சு," என்றாள் ஜெனாட். அப்போதும் அவளுக்கு அடங்கவில்லை.

அடுத்த செபமாலையில் செலீன் வாயைத் திறந்ததும் பின்வரிசையில் இரண்டு பேர் குனிந்து குலுங்கினார்கள். அவளுக்கு முகம் சுட்டது. அன்றோடு முன்வரிசையில் உட்கார்வதை விட்டாள். அதற்கடுத்த வாரம் போகவேயில்லை. இருபத்திரண்டு வருடம் கட்டிக் காத்த மரியாதை ஒற்றைச் சொல்லில் கப்பலேறிவிட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாய் வந்தது. இனி அந்தக் கோவில் படி ஏறுவதில்லை என்றே முடிவு செய்தாள்.

மருந்தை மாற்றிக் கொடுத்தபின், தொண்டை ஆறிவிட்டதா என்று பார்க்க அந்த மாதக் கடைசியில் கிளினிக்கில் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். போய்க் காத்திருந்தாள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் முதுகில் வந்த கட்டியை வெட்ட ஒரு பெரியவரை உட்கார்த்தியிருந்தார்கள். திரை பாதிதான் இழுத்திருந்தது.

"இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து எடுக்கிறீர்களா?" என்று அவருடைய போன் கேட்டது.

"ஓ..." என்று தொடங்கியவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி, "ஆம்" என்றார், ஒரு மேடைப் பேச்சாளர் மாதிரி.

தாதி கையுறையைக் கழற்றிவிட்டு, வெட்டினால் இரத்தம் நிற்காதே என்று மருத்துவரைக் கூட்டிவர ஓடினாள். செலீன் திரையை விலக்கினாள்.

"நீங்க ஏன் ஓமெண்டு சொல்லேல்லை, அண்ணை?" என்று கேட்டாள்.

பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் பெயர் பேரின்பநாதன், மட்டக்களப்பு ஆள், நோத்ர-டாம்-த-கிரேஸில் தனியாக இருக்கிறார்.

"கதை தெரியாதா தங்கச்சி? முருகன் கோயில்ல அன்னதானத்துக்கு நிக்கக்குள்ள ஒராள் சொன்னார். ஒரு ஐயரம்மா கிளினிக்ல ஓம் ஓமெண்டு சொல்லி, தாதி கும்பிட்டிருக்கா! சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்திட்டு. மறக்கேலுமா அத? பிறகு எண்டுறதுக்குப் பேந்து எண்டும் சொல்லப்படாதாம், போன் அத பந்தெண்டு விளங்குதாம். நோகுது எண்டாலும் அதுக்குத் தெரியாதாம், வலிக்கிறது எண்டோணுமாம். அவட புண்ணியத்துல இண்டைக்கு என்ட ரத்தம் மிஞ்சிச்சு."

செலீன் வாழ்நாளில் கால் வைக்காத முருகன் கோவிலுக்குள் அவளுடைய வெட்கக்கேடு போய்ச் சோற்று வரிசையில் நின்றிருக்கிறது. பந்தும் வலியும் யார் சேர்த்தது? யார் யார் வாய் வழியாக இவரிடம் வந்தது? யாரும் யாரையும் ஏவவில்லை. சிரிக்க ஆசைப்பட்ட ஒவ்வொருவரும் இந்த மனிதரின் உயிரை ஓரடி தூக்கிவந்து அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள், அது என்னவென்றே தெரியாமல். ஆண்டவரே, என்றாள் மனதுக்குள். கண் கலங்கியது.

"லண்டன்ல என்ட தங்கச்சியும் போனை வச்சுத்தான் டாக்டரோட கதைக்கிறா," என்றார் பேரின்பநாதன். "நான் சொன்னா நம்புறாளில்ல, நீங்க கதை கட்டிச் சொல்றீங்க எண்டுறா. அந்த ஐயரம்மா யாரெண்டு தெரிஞ்சாலாவது..."

யாருக்கும் தெரியாது. அவளுடைய பெயர், ஊர், வேதம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. இப்படியே எழுந்து போனால் இனி அவளைப் பிடிக்க ஆளில்லை.

செலீன் கையை நீட்டினாள். "போனைத் தாங்கோ அண்ணை. எங்க அமத்திறது?"

தங்கைக்குக் குரல்செய்தி பதிய அவர் காட்டிய இடத்தில் விரலை அழுத்தி, வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம், தங்கச்சி. என்ர பேர் செலீன். நான் மன்னார், வேதக்காரி. இது எனக்கு நடந்தது."