புறாக்களுக்குக் கேப்பை

வானூர்ப் பக்கத்துச் சின்ன விமான நிலையத்துக்கு வாரத்தில் சில நாள் மட்டும் பெங்களூரிலிருந்து ஒரு விமானம் வரும். அரசாங்கம் மானியம் கொடுப்பதால் டிக்கெட் விலை கையைக் கடிக்காது. மல்லாட்டை என்னும் நிலக்கடலை வியாபாரம் செய்யும் ஜம்புகுமாருக்கு அதன்மேல் தனிப் பிரியம். பெங்களூரில் வாழ்க்கைப்பட்ட மகள் பத்மப்ரியா தலைப்பிரசவத்துக்கு அதில்தான் வரப்போகிறாள். பஸ் குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனிதர் சும்மா இருந்திருக்கலாம். புண்ணியம் தேடினார். விமானம் வரும் நாளெல்லாம், அது இறங்கும் நேரம் பார்த்து, மொட்டை மாடியில் புறாக்களுக்குக் கேப்பை இறைத்தார். பசித்த உயிரின் வயிறு குளிர்ந்தால் வானத்தில் வருகிறவர்களுக்கு நல்லது என்று, சமண வீட்டில் பிறந்தவருக்கு ஒரு நம்பிக்கை. வீடு ஓடுபாதையை ஒட்டி இருந்ததுதான் வில்லங்கம்.

ஒரு நாள் தாழ வந்த விமானம் இறங்காமலே மேலே ஏறிச் சென்னைக்குப் போய்விட்டது. மறுநாள் வேணி வந்தாள். ஓடுபாதையில் வெடி போட்டுப் பறவை விரட்டுவது அவள் வேலை. உயிர்களை மிரட்டிப் பிழைக்கிறாளே என்று அவருக்கு அவள்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

“ஐயா, நேத்து பிளேனு எறங்காததுக்குக் காரணம் புறாங்கதான். அந்தாண்ட பழைய ரைஸ் மில்லுல இருந்து ரன்வேயத் தாண்டி உங்க மாடிக்கு வந்துக்கினு இருக்குது.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. மகள் அதில் இருந்திருந்தால்?

“நம்பி வர்ற ஜீவனப் பட்டினி போடச் சொல்றியாம்மா?”

“பட்டினி வேணாங்க. எடத்த மாத்துங்க. இப்படியே போனா சர்வீசையே நிறுத்திடுவாங்களாம்.”

அன்றிலிருந்து மில் வாசலிலேயே கேப்பை இறைத்தார். புறாக்கள் ஓடுபாதையைத் தாண்டவில்லை. ஒரு நாள் கடை ஆளை அனுப்பிப் பார்த்தார். புது முகத்தை அவை சட்டை செய்யாமல் பழைய மாடிக்கே பறந்தன. அவரே நின்றால்தான் ஆயிற்று.

பத்மப்ரியா வரும் நாளில் மனைவி குணமதிக்குக் கோபம். “மொதப் பிரசவத்துக்கு வர்ற பொண்ணு. அப்பா போய்க் கூப்பிடலன்னா என்ன நெனைப்பா?”

“நான் அங்க வந்துட்டா புறாங்க ரன்வேயத் தாண்டி நம்ம மாடிக்குத்தான் வரும். நீ போ.”

மகளின் பையை வாங்கித் தோளில் மாட்ட வேண்டுமென்று எத்தனையோ நாளாக ஆசைப்பட்டவர், மில் வாசலில் கேப்பை மூட்டையோடு நின்றார். இரைச்சல் கேட்டது. புறாக்கள் கழுத்தை நிமிர்த்தின. இன்னொரு கை அள்ளி இறைத்தார். அவை குனிந்து கொத்தத் தொடங்கின. விமானம் பதமாக இறங்கியது.

சற்று நேரத்தில் போன் அடித்தது. “அப்பா, எங்க இருக்கீங்க? அம்மா மட்டும் நிக்கிறாங்க.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அம்மாகூட வீட்டுக்குப் போம்மா. பிளேனு திரும்பிக் கெளம்பட்டும், வந்துர்றேன். அதுலயும் யார் வீட்டுப் பொண்ணாவது போவும் இல்ல?”