பூண்டிக்கு வந்த வாட்டர் ஹீட்டர்

கம்ப்யூட்டர் செய்து பேர் வாங்கிய கம்பெனி அது. கம்ப்யூட்டர் விற்காமல் படுத்ததும் வீட்டுச் சாமான் பக்கம் தாவிவிட்டது. முதல் சரக்கு வாட்டர் ஹீட்டர். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதியவள் தாரணி. கொடைக்கானல் குளிரில் பத்து வீடுகளில் மாட்டி, பத்துப் பேரிடமும் 'நன்றாக ஓடுகிறது' என்று கையெழுத்து வாங்கி இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அவள் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்கள்.

ஒன்பது கையெழுத்து வந்தாயிற்று. ஒன்பதும் டவுனில், வைஃபை உள்ள பங்களாக்கள். பத்தாவது, பூண்டியில் வெள்ளைப்பூண்டு போடும் சகாயராணி வீடு. ஜீப்பில் தாரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். பூம்பாறை தாண்டியதும் சிக்னலும் போய்விட்டது.

சகாயராணி வீட்டுக் கொல்லையில் விறகடுப்பில் அண்டா கொதித்தது. அதைப் பார்த்ததும் தாரணி கேட்டாள்:

"ஹீட்டர் ஓடலையாக்கா?"

"அனுமதிக்குக் காத்திருக்குன்னு எழுத்து மட்டும் ஓடுது. எம் மக பச்சப்புள்ளையோட கெடக்கா. தெனமும் வெள்ளனே மேட்டு வளைவுக்குப் போயி, சிக்னல் புடிச்சு, போன்ல சரின்னு அமுக்கிட்டு ஓடியாறேன். வந்து பாத்தா அப்பயும் காத்துக்கிட்டே கெடக்கு. தண்ணி சுட வைக்க யார்கிட்டம்மா கேக்கணும்?"

கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு எதைத் திறந்தாலும் ஆளைச் சரிபார்த்தே பழக்கம். வெந்நீரைத் திருடிக்கொண்டு எவன் ஓடப்போகிறான்! தாரணி அதையும் பூட்டித்தான் வைத்திருந்தாள். போனில் அமுக்கிய 'சரி' சிக்னல் இல்லாத இந்த வீட்டுக்கு எப்படி வந்து சேரும்? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கையெழுத்துதான வேணும்? குடு, போட்டுத் தாரேன். இம்புட்டுத் தூரம் வந்திருக்க."

தாரணி தாளை நீட்டிவிட்டாள். அதற்குள் உள்ளே குழந்தை வீரிட்டது. சகாயராணி பேனாவை வைத்துவிட்டு, அண்டாவிலிருந்து ஒரு குடம் மொண்டு, கை சுடச்சுடத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தாரணி தாளை மடித்துப் பைக்குள் போட்டாள். குளியலறை ஈரத்தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பை ஹீட்டரோடு இணைத்தாள். அனுமதி, நேரக்கணக்கு, கம்பெனிக்குப் போகும் தகவல் என்று தான் எழுதியதை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டாள். சூடு ஏறினால் தானாக அணையும் பாகம் மட்டும் மிஞ்சியது. அது அவள் எழுதியதல்ல, எல்லா ஹீட்டரிலும் இருப்பது.

சுவிட்சைப் போட்டாள். சற்று நேரத்தில் குழாயில் ஆவி பறந்தது.

சகாயராணி கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?"

"இப்பப் போடுங்கக்கா கையெழுத்து."

சகாயராணி போட்டாள். தாளின் கடைசிக் கட்டத்தில் 'புரோகிராம் எந்த அளவு உதவியது?' என்றிருந்தது. தாரணி 'தேவையே இல்லை' என்று தன் கையால் நிரப்பினாள். பன்னிரண்டு வருட வேலை அந்த இரண்டு சொல்லோடு போகும் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

மேட்டு வளைவு வரை சகாயராணி துணைக்கு வந்தாள். சிக்னல் கிடைத்ததும் தாளைப் படம் பிடித்தாள் தாரணி. 'அனுப்பலாமா?' என்று கேட்டது போன்.

'சரி' என்று அமுக்கினாள்.