லோரெய்ன் ஊற்றிய ஆயில்

நெவில் கேட்டது மலிவான ஆயில். புது எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பழக்குவதற்கென்றே வருகிற சாதாரண மினரல் ஆயில், கடையின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடக்கும். "வேற எதையும் தூக்கிட்டு வந்துடாத" என்று இரண்டு முறை சொல்லித்தான் மனைவி லோரெய்னை அனுப்பினார்.

ப்ரூனோவின் கடையில் அது தீர்ந்துபோயிருந்தது. "அடிலெய்டுல இருந்து வரணும், லோரெய்ன். ஒரு வாரம் ஆகும். பரவாயில்லையா?" என்றார் ப்ரூனோ.

கேட்ட மனிதர் மேல் தப்பில்லை. நெவிலுக்குக் கணையத்தில் வந்த புற்று ஈரல்வரை போய்விட்டது என்பது மில்டுரா ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் திங்கட்கிழமை டாக்டர் அவளை மட்டும் தனியே நிறுத்தி, இனி வாரக்கணக்கு இல்லை, நாள்கணக்குத்தான் என்று சொன்னது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நெவிலிடம் அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கல்யாணமான நாள் முதல் ஒன்றுமில்லாததற்கெல்லாம் தொண்டை வறளச் சண்டை போட்ட இருவரும், இந்த விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

நெவிலின் ஆசை ஒன்றே ஒன்று. சிநேகிதன் டஸ்டியின் பந்தயக் காருக்காக அவர் ஒரு வி-எட்டு எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டுவிட வேண்டும். வாரம் முழுக்கப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கொட்டகையிலேயே உட்கார்ந்து திருகிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஓட்டுவதென்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

லோரெய்ன் மேல்தட்டைப் பார்த்தாள். தங்க நிறக் கேனில் இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்தாள். கடையிலேயே விலை கூடியது அதுதான்.

"இது எந்த வண்டிக்கு?" என்றார் ப்ரூனோ.

"என் காருக்கு."

உண்மையைச் சொன்னால் அவர் அடுத்த நிமிடமே நெவிலுக்குப் போன் போட்டு, ஒரு வாரம் ஆகும் என்பார். அந்த வார்த்தை வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஆயில் ஆயில்தானே என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். தனக்கென்று வரும்போது மட்டும் கஞ்சனாகிவிடும் மனுஷனுக்கு இந்த ஒரு தடவையாவது உசத்தியானதை ஊற்றுவோமே என்றும் நினைத்தாள். எஞ்சின் கட்டுகிறவரின் பெண்டாட்டிக்கு இந்தப் புத்தி வந்திருக்கக் கூடாது. கவலை வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

வீட்டுக்கு வந்ததும் கேனை மறைத்துவிட்டு, ஆயிலை அவருடைய பழைய தகரக் குவளையில் கொண்டுபோய் எஞ்சினில் ஊற்றினாள்.

"நான் சொன்னதுதானே?"

"ஆமா."

முன்பெல்லாம் ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தே என்ன ஆயில் என்று சொல்லிவிடுவார். கீமோ ஏறியதிலிருந்து மூக்கும் செத்துவிட்டது, விரல்களும் மரத்துவிட்டன. பழக்கதோஷத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கந்தலில் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் டஸ்டி நாலைந்து பேரோடும் ஒரு பெட்டி பீரோடும் வந்தான்.

"என்ன பெருசு, தலையில ஒத்த முடி இல்ல, தொப்பி மட்டும் புதுசா?"

"உன் கார் கடைசியா வர்றதைப் பாத்துப் பாத்தே கொட்டிப்போச்சுடா."

கட்டியவர்தான் சாவியைத் திருப்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நெவில் திருப்பினார். இரும்புச் சட்டத்தில் நின்ற எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. முதல் இருபது நிமிடம் வேகத்தைக் குறைக்கக் கூடாது. யாரும் பேசவும் மாட்டார்கள். நெவில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை லோரெய்ன் பார்த்து மாதக்கணக்கானது. பாதி நேரம் போனபோது அந்தச் சிரிப்பு நின்றது. தலையை லேசாகச் சாய்த்தார். பந்தயச் சத்தத்தில் காது பாதி மந்தமாகிப்போன டஸ்டி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். கொஞ்சம் பொறுத்து நெவிலும் உயர்த்தினார்.

ஓட்டி முடித்ததும் ஆயில் ஃபில்டரை வெட்டி, உள்ளிருக்கும் காகிதத்தை விரித்து எல்லோரும் பார்ப்பார்கள். இரும்புத் தூள் மின்னினால் உள்ளே ஏதோ அரைபடுகிறது என்று அர்த்தம். டஸ்டி ஃபில்டரைக் கழற்றி வெட்டப் போனான்.

"விடுடா. அசதியா இருக்கு. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் நெவில்.

டஸ்டி அவரையே பார்த்தான். பிறகு ஃபில்டரை மேஜையில் வைத்துவிட்டு, பீர்ப் பெட்டியைத் திறக்காமலே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான்.

ஃபில்டரைப் பார்க்காமல் நெவில் ஒரு எஞ்சினையும் விட்டதில்லை. லோரெய்ன் அவரைப் படுக்க வைத்துவிட்டு வந்து தானே வெட்டினாள். காகித மடிப்புகளுக்குள் இரும்புத் தூள் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை ஜிகினாபோல மின்னியது. அந்தக் காகிதத்தோடு படுக்கையறைக்குப் போனாள்.

"உன்னை யாரு வெட்டச் சொன்னா?" என்றார் நெவில்.

"நான் ஊத்தினது நீ சொன்ன ஆயில் இல்ல. இருக்கறதுலயே விலை ஜாஸ்தியானது."

"டிக் டிக்னு ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுது. அது ரொம்ப வழுக்கும். புது எஞ்சின்ல பிஸ்டன் வளையம் கொஞ்சம் தேஞ்சாத்தான் சிலிண்டர் சுவரோட பொருந்தும். வால்வைத் தூக்கி இறக்கற கேம் ஷாஃப்டுக்கு துத்தநாகம் வேணும், அதுவும் அதுல கம்மி. கேம் ஷாஃப்ட் போச்சு."

"ப்ரூனோ கடையில நீ சொன்ன ஆயில் தீந்துபோச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. பின்னாடி டிரம்ல டிராக்டர் ஆயில் இருக்கு. அலமாரியில துத்தநாகம் கலந்த மருந்து ஒரு பாட்டில் இருக்கு. சேத்து ஊத்தினா தீந்துது வேலை."

லோரெய்ன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"கேட்டா, வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லணும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதுன்னும் சொல்லணும். அதை எப்படி நான் என் வாயால சொல்லுவேன்?"

நெவில் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்தார்.

"நீ ஏன் நிறுத்தல?" என்றாள் அவள். "சத்தம் கேட்டதும் நிறுத்தியிருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதுல்ல?"

"நிறுத்தினா டஸ்டி என்ன கேப்பான்? மறுபடி எப்ப ஓட்டறோம்னு கேப்பான். நான் எந்த நாளைச் சொல்றது?"

அவள் அழுதாள். அவர் கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நாள்கணக்குத்தான்னாரு. திங்கக்கிழமை."

"திங்கக்கிழமையேவா?" நெவில் கூரையைப் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பாழாப்போன கொட்டகையில போய் உக்காந்திருக்க மாட்டேனே, லோரெய்ன். உன்கூட இருந்திருப்பேன்."

அவர் மெல்ல நகர்ந்து இடம் விட்டார். ஆயில் பட்டுக் கருத்துப்போன கையைக்கூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.